இருபத்து நான்கு கண்ணாடித் துண்டுகள்

என் மேசை லாச்சியில் ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கிறது. அதற்குள் ஐந்து அட்டைகள். ஏணியிலும் உயரத்திலும் வேலை செய்ய ஒன்று, நிலத்தடிக் குழிக்குள் இறங்க ஒன்று, மின்கம்பிக்குப் பக்கத்தில் நிற்க ஒன்று, முதலுதவிக்கு ஒன்று, கண்ணாடி இழையை ஒட்ட ஒன்று. முதல் நான்கும் ஏற்கனவே காலாவதியாகிவிட்டன. ஐந்தாவதற்கு இந்த மாதக் கடைசியோடு ஆயுள் முடிகிறது. நான் ஓய்வு பெற்று ஒரு வருடமாகிறது, இனி எதையும் புதுப்பிக்கத் தேவையில்லை. ஆனாலும் அந்த ஐந்தாவது அட்டையை மட்டும் அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன். மற்ற நான்கும் வகுப்பில் குந்தியிருந்து வாங்கியவை. இதை வாங்க நான் பட்ட பாடு எனக்கும் என் மனைவி பிலோமினாவுக்கும்தான் தெரியும்.

இதையெல்லாம் எழுத உட்கார வைத்தது ஜெசிந்தா. மன்னார்ப் பெண். சிசிலியின் பலெர்மோ நகரில், வியா மக்வேதா என்ற பெருந்தெருவுக்குப் பின்னாலுள்ள சந்துகளில் மூன்று வீடுகளில் துப்புரவு வேலை செய்கிறாள். போன மாதம் ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து, கோயில் மண்டபத்தில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது கைத்தொலைபேசியை என் மூக்குக்குக் கீழே நீட்டினாள். இணையக் கேபிள் வேலைக்கான பயிற்சியில் சேர்ந்திருக்கிறாளாம். தேவையான சான்றிதழ்களின் பட்டியல் திரை முழுக்க நீண்டு கிடந்தது.

“அண்ணை, இவ்வளவு அத்தெஸ்தாத்தோவும் வேணுமெண்டு போட்டிருக்கு. உண்மையா வேணுமோ, இல்லாட்டிச் சும்மா பயப்பிடுத்துகினமோ?”

“உண்மையாத்தான் வேணும். ஒண்டு குறைஞ்சாலும் கேபிள் பெட்டியைத் திறக்க விடாங்கள்.”

“நான் பதினொரு வருசமா வீடு துடைக்கிறன். எனக்கு இது சரிவருமோ?”

சரிவரும் என்று உடனே சொல்லியிருக்கலாம். சும்மா ஆறுதலுக்குச் சொன்னதாக நினைத்துவிடுவாள் என்று என் கதையைச் சொல்லத் தொடங்கினேன். கதைத்தால் மறந்துபோகும், எழுதித் தாருங்கள் என்று அவளே கேட்டாள். ஆகவே எழுதுகிறேன்.

பலெர்மோவுக்கு வந்து முதல் ஐந்து வருடம் நானும் வீட்டு வேலைதான் செய்தேன். ஒரு வயோதிபத் தம்பதியின் வீட்டில் தரை துடைத்தேன், வெள்ளிச் சாமான் மினுக்கினேன், கிழவரைக் கைபிடித்துக் கடற்கரைக்கு நடத்திப் போனேன். நல்ல மனிதர்கள். அந்த வேலையில் ஒரு குறையும் இல்லை, குறை என்னிடம்தான் இருந்தது. ஊருக்குக் கடிதம் எழுதும்போது “கம்பெனியில் வேலை” என்று எழுதுவேன். எந்தக் கம்பெனி என்று அம்மா கேட்டு எழுதினால் அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் போகாது.

பிறகு ஒப்பந்தத்துக்குத் தொலைபேசிக் கம்பி இழுக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் இடம் கிடைத்தது. தலையில் மஞ்சள் தொப்பி, இடுப்பில் கருவிகள் செருகிய ஆயுதப் பட்டி. முதல் நாள் அந்தக் கோலத்திலேயே வீட்டுக்கு வந்து நின்றேன். பிலோமினா மேலும் கீழும் பார்த்துவிட்டு, “சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ளை வாங்கோ, இப்பதான் துடைச்சனான்” என்றாள். எனக்குக் கிடைத்த முதல் வரவேற்பு அது.

எங்கள் குழுவுக்குத் தலைவர் சாரோ. குள்ளமான, தடித்த மனிதர். ஏணியின் ஒவ்வொரு படியையும் சப்பாத்து நுனியால் தட்டிப் பார்க்காமல் ஏற மாட்டார். எந்தக் கட்டடத்தில் எந்தப் பெட்டி என்பதை இலக்கத்தால் நினைவு வைக்க மாட்டார், “சூசை அம்மாவின் பெட்டி”, “பூனை வளர்க்கிறவளின் பெட்டி” என்றுதான் சொல்வார். அவர் பேசியது பச்சைச் சிசிலி மொழி. அதை நான் எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன், அப்படி எழுதினால்தான் அவர் குரல் எனக்குக் கேட்கிறது.

“தோனி, கடவுள் மனிசனுக்கு ரெண்டு கைதான் குடுத்தவர். ஏணியிலை நிக்கிறவனுக்கு மூண்டு வேணும். அதுக்குத்தான் பல்லு வைச்சிருக்கிறார்.”

அந்தோனி என்ற பெயர் அவர் வாயில் தோனி ஆகிவிட்டது. அவர் சொன்னது விளையாட்டுக்கு அல்ல. வுச்சீரியாச் சந்தையில் மீன்கடைப் பந்தலுக்கு மேலே, துணி காயும் கொடிகளுக்கு நடுவே, ஒரு கை ஏணியில், மறு கையில் கம்பி. மேலுறையை எதனால் உரிப்பது? கம்பியைப் பல்லுக்கு இடையில் வைத்து, ஒரு கடி, ஒரு இழுவை. செம்பு பளிச்சென்று வெளியே வரும். ஒரு கிழமையில் பழகினேன். இருபத்திரண்டு வருடம் அப்படியே செய்தேன். என் முன்பல் இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு பள்ளம் விழுந்திருக்கிறது. நூலைப் பல்லால் கடிக்கிற தையற்காரரா என்று பல் வைத்தியர் ஒருமுறை கேட்டார்.

அந்த இருபத்திரண்டு வருடத்தைப் பற்றிச் சொல்ல வேறு அதிகம் இல்லை. வேலை தெரிந்தது, சம்பளம் வந்தது, மகள் படித்தாள். எந்தச் சான்றிதழும் என்னிடம் யாரும் கேட்கவில்லை.

பிறகு கண்ணாடி வந்தது. செம்புக் கம்பியைத் தள்ளிவிட்டு, மயிரளவு மெல்லிய கண்ணாடி இழைகளை நகரம் முழுக்கப் பதிக்கத் தொடங்கினார்கள். எங்களுக்கு வேலை தரும் பெரிய நிறுவனம் ஒரு விதி போட்டது: கண்ணாடி இழைப் பெட்டியைத் திறக்கிற ஒவ்வொருவனும் பயிற்சி பெற்றுப் பரீட்சையில் தேறியிருக்க வேண்டும். இரண்டு தடவை எழுதலாம். இரண்டிலும் தவறினால் பட்டியலில் பேர் இல்லை. பேர் இல்லாதவனுக்கு எங்கள் முதலாளியிடம் வேலையும் இல்லை.

சாரோ பரீட்சைக்கு வரவில்லை. “கடதாசி ஏணி ஏறாது, தோனி” என்று சொல்லி, ஆயுதப் பட்டியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு ஓய்வூதியத்துக்குப் போனார். அவருக்கு வயது வந்திருந்தது. எனக்கு அப்போது ஐம்பத்தேழு. ஓய்வூதியத்துக்கு இன்னும் பத்து வருடம் இருந்தது. ஐம்பத்தேழு வயதில் வேறு வேலை யார் தருவார்? மறுபடியும் வாளியும் துடைப்பமும்தான். பிலோமினா தினமும் செய்கிற வேலை அது. ஆனாலும் திரும்ப அங்கே போவதை நினைத்தாலே எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை அவளிடம் நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருக்கும்.

பயிற்சி நடந்தது கால்சா என்ற பழைய பகுதியில், ஒரு மாளிகையின் கீழ்த்தளத்தில். கூரையில் தேவதூதர்கள் படம், கீழே பன்னிரண்டு இரும்பு மேசை. எங்களுக்குக் கற்பித்ததும் பரீட்சை வைத்ததும் ஆகத்தா அம்மையார், நாங்கள் கூப்பிடுவது சிஞ்ஞோரா ஆகத்தா. அறுபதை நெருங்கிய, ஒல்லியான பெண்மணி. வெயிலோ மழையோ ஒரே கருநீலக் கம்பளிச் சட்டை. கழுத்தில் கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடி. அவர் பேசியது புத்தக இத்தாலியம், அதனால் அவர் பேச்சைப் புத்தகத் தமிழிலேயே எழுதுகிறேன்.

அவர் யாரையும் திட்டியதே இல்லை. பிழை விட்டால் பிழை என்றும் சொல்ல மாட்டார். பக்கத்தில் வந்து நிற்பார், கண்ணாடியைப் போட்டுப் பார்ப்பார், சட்டைப் பையிலிருந்து சின்னக் கத்தரிக்கோலை எடுப்பார். நீங்கள் அரை மணி நேரம் மூச்சைப் பிடித்து ஒட்டிய இழையைக் கிளிக் என்று வெட்டிவிட்டுத் தன் கதிரைக்குப் போய் உட்கார்ந்துவிடுவார். எங்கே பிழை விட்டோம் என்று நாமே தேட வேண்டும். முதல் கிழமை முழுவதும் அந்த அறையில் கேட்டது கிளிக், கிளிக் என்ற சத்தம்தான். துளிக் கோபம்கூட அந்த முகத்தில் இருக்காது. சாரோ வாயால் கொன்றிருப்பார், இவர் கத்தரிக்கோலால் கொன்றார். ஆனால் இரண்டாம் முறை அதே பிழையை யாரும் விட்டதில்லை.

வேலை முறை இதுதான். ஜெசிந்தா, இதைக் கவனமாக வாசி. கேபிளின் தடித்த மேலுறையை அதற்கான கருவியால் வெட்டி எடுக்க வேண்டும். உள்ளே பன்னிரண்டு நிறத்தில் பன்னிரண்டு இழை. ஒட்டப்போகிற இழையில் முதலில் ஒரு சின்னக் காப்புக் குழாயைக் கோத்துவிட வேண்டும், ஒட்டிய பிறகு நினைத்துப் பிரயோசனம் இல்லை. பிறகு நிறப்பூச்சை உரிக்க வேண்டும். மதுசாரம் நனைத்த தாளால் இழுத்துத் துடைக்க வேண்டும், சுத்தமான கண்ணாடி விரலுக்கிடையில் கீச்சென்று ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தம் வரும்வரை துடை. பிறகு வெட்டும் கருவியில் வைத்து நுனியை நேராக வெட்டு. மறுபக்கத்து இழைக்கும் இதே வேலை. இரண்டு நுனிகளையும் ஒட்டும் இயந்திரத்தில் எதிரெதிரே வைத்தால் ஒரு சின்ன மின்பொறி இரண்டையும் உருக்கி ஒன்றாக்கும். காப்புக் குழாயை மூட்டின் மேல் நகர்த்திச் சூடாக்கு. பிறகு தட்டில் வளையம் வளையமாக, எங்கும் மடியாமல் சுற்றி வை.

இவ்வளவும் பழகினால் வந்துவிடும். பொல்லாதது வெட்டும்போது விழுகிற துண்டு. ஒரு விரற்கணு நீளம், கண்ணுக்குத் தெரியாத மெல்லிசு. தோலில் ஏறினால் ஊசியால் எடுக்கப் போக உள்ளேயே முறியும். கண்ணுக்குள் போனால் சொல்லத் தேவையில்லை. சிஞ்ஞோரா ஆகத்தாவின் ஒழுங்கு இப்படி: ஒவ்வொரு மேசையிலும் ஒரு கறுப்பு ஒட்டுநாடா, பசைப்பக்கம் மேலே பார்க்க. விழுகிற துண்டை இடுக்கியால் எடுத்து அதில் வரிசையாக ஒட்ட வேண்டும். ஓர் இழைக்கு இரண்டு துண்டு. பன்னிரண்டு இழைக்கு இருபத்து நான்கு.

“ஒரு துண்டு காணாவிட்டால் கையைத் தூக்குங்கள்” என்று முதல் நாளே சொன்னார். “மேசை நிற்கும். கடிகாரம் நிற்காது.”

எழுத்துப் பரீட்சையில் நான் தேறினேன். மகள் கேள்வி கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆக்கியிருந்தாள். செய்முறைப் பரீட்சைக்கு ஒன்றரை மணி நேரம். முன்மேசையில் எலுமிச்சம்பழ வடிவத்தில் ஒரு மஞ்சள் சமையல் கடிகாரத்தை முறுக்கி வைத்தார், அது டிக்டிக் என்று ஓடத் தொடங்கியது. எனக்குப் பயம் இல்லை. இருபத்திரண்டு வருடம் கம்பியோடு வாழ்ந்தவன் அல்லவா! மிடுக்கோடு கேபிளை எடுத்தேன். மேலுறையை வெட்டினேன். உறைக்குள் இருந்த நூல் எங்கோ சிக்கி உறை வர மறுத்தது. இடது கையில் தட்டு, வலது கையில் கருவி.

கடிகாரச் சத்தம் நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். சிஞ்ஞோரா ஆகத்தா அதை அமர்த்திவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் பார்க்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. பிறகுதான் கேபிள் என் பல்லுக்கிடையில் இருப்பது தெரிந்தது.

அவர் கிட்ட வந்தார். “சிஞ்ஞோர் அந்தோனி, வாயைத் திறவுங்கள்.”

திறந்தேன். ஒரு சின்ன டோர்ச்சை அடித்து, நாக்கைத் தூக்கச் சொல்லி, கன்னத்தை ஒதுக்கச் சொல்லி, வடிவாகப் பார்த்தார். பதினொரு பேர் வேலையை விட்டுவிட்டு அந்தக் காட்சியைப் பார்த்தார்கள்.

“உங்கள் வாயில் கண்ணாடி இல்லை” என்றார். “உங்களுக்கு இன்று பரீட்சையும் இல்லை.”

பல் பதிந்திருந்த அந்த உறைத் துண்டை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, என் பரீட்சைத் தாளோடு சேர்த்துக் குத்தி வைத்தார். அடுத்த தடவை மூன்று கிழமையில் என்றார்.

வீட்டுக்கு நடந்தே போனேன். பிலோமினா வேலையால் வந்து உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள்.

“என்னவாம்?”

“பல்லாலை கடிச்சுப் போட்டன்.”

“ஆரை?”

“கேபிளை.”

அவள் உடுப்பைக் கீழே வைத்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. “தொட்டில் பழக்கமெண்டால் பரவாயில்லை, இது சாரோ பழக்கம்” என்றாள். எழும்பிப் போய், எங்கள் பல்கனியில் நிற்கும் கற்றாழையில் ஒரு மடலை முறித்துக்கொண்டு வந்தாள்.

“எங்கடை பிள்ளைக்குப் பால் மறக்கடிச்சது எப்பிடியெண்டு ஞாபகம் இருக்கோ?”

இருந்தது. கற்றாழையின் மஞ்சள் பால் கைப்பிலும் கைப்பு. நான் பழகுவதற்குக் கொண்டுவந்திருந்த கேபிள் துண்டுகள் எல்லாவற்றிலும், என் பத்து விரலிலும் அதைப் பூசினாள். ஐம்பத்தேழு வயதில் எனக்குப் பால் மறக்கடிக்கத் தொடங்கினாள். முதல் நாள் ஒன்பது தடவை வாயைக் கழுவினேன். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று கேட்கிறவர்கள் பிலோமினாவின் கற்றாழையை நக்கிப் பார்க்கவில்லை. பத்து நாளில் என் தலை கேபிளைக் கண்டால் தானாகவே பின்னுக்குப் போனது.

ஆனால் வேறொன்று நடந்தது. அதை எழுத எனக்கு இப்போதும் மனம் வரவில்லை.

பயிற்சி நிலையத்திலிருந்து பழைய வெட்டும் கருவி ஒன்றை இரவல் வாங்கி, ஞாயிறு மத்தியானங்களில் குசினி மேசையில் பழகினேன். கறுப்பு நாடா போட்டேன்தான். ஆனால் அவசரத்தில் துண்டுகளை எண்ணவில்லை. வீடுதானே என்று விட்டுவிட்டேன். அடுத்த நாள் காலை பிலோமினா வெறுங்காலோடு தேத்தண்ணீர் வைக்க வந்தாள். ஒரு துண்டு அவள் குதிக்காலில் ஏறிவிட்டது. ஊசியால் தோண்டினேன், முறிந்தது. அன்றைக்கும் அடுத்த இரண்டு நாளும் அந்தக் காலோடுதான் நாலாம் மாடி வீட்டுக்குப் படியேறித் தரை துடைத்தாள். மூன்றாம் நாள் வைத்தியர் கீறி எடுத்தார். அவள் நொண்டி நொண்டிப் படியிறங்குவதை யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருந்தது.

அவள் என்னை ஏசவில்லை. காலில் கட்டோடு குசினி வாசலில் நின்று ஒன்றே ஒன்று சொன்னாள்.

“வேலை போனால் போகட்டும். என்ரை குசினியிலை கண்ணாடி கிடக்கக் கூடாது. இஞ்சை வாங்கோ.”

யன்னல் பலகையைச் சாத்தினாள். குசினி இருண்டது. டோர்ச்சைக் கொளுத்தி, மேலேயிருந்து அடிக்காமல், தரையிலேயே படுக்க வைத்தாள். வெளிச்சம் ஓடுகளின் மேல் நீளமாகப் படர்ந்தது. அந்தத் தரையில் நாலு இடத்தில் மின்னியது. நான் கூட்டி முடித்த தரை அது.

“மேலை நிண்டு அடிச்சால் ஒண்டும் தெரியாது. நான் வேலை செய்யிற வீட்டுச் சிஞ்ஞோராவின்ரை வைன் கிளாஸ் உடைஞ்சால் நாங்கள் இப்பிடித்தான் தேடுறனாங்கள். அவவின்ரை பேரப்பிள்ளை தவழுறவன். ஒரு பொடி விடேலாது.”

எனக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். ஐந்து வருடம் அதே வேலை செய்தவன். ஆனால் அந்த ஐந்து வருடத்தை மறக்க நான் அவ்வளவு பாடுபட்டிருந்தேன், வெட்கத்தோடு சேர்த்து வித்தையையும் துடைத்துவிட்டேன் போலும்.

இரண்டாவது பரீட்சை. மறுபடி அதே தேவதூதர்கள், அதே எலுமிச்சங்கடிகாரம். இந்த முறை மிடுக்கெல்லாம் இல்லை. அன்று காலையிலும் பிலோமினா என் விரலில் கற்றாழை பூசித்தான் அனுப்பினாள். மேலுறை சுத்தமாக வந்தது. முதல் இழை, இரண்டாவது, மூன்றாவது. இயந்திரத்தின் சின்னத் திரையில் ஒவ்வொரு மூட்டும் நன்றாக வந்ததாகக் காட்டியது. ஒன்பதாவது இழையில் இருந்தபோது சிஞ்ஞோரா ஆகத்தா ஒருமுறை வந்து, என் மேசைக்கு மேலால் குனிந்து திரையைப் பார்த்தார். கத்தரிக்கோலை எடுக்காமல் போனார். எனக்குப் பாதி உயிர் வந்தது.

பத்து இழை முடிந்தது. கடிகாரத்தில் பதின்மூன்று நிமிடம் மிச்சம். ஓர் இழைக்கு எனக்கு ஐந்து நிமிடம் போதும். பதினோராவதை எடுக்கும் முன் நாடாவைப் பார்த்தேன். ஒன்பதாவது வரியில் ஒரு துண்டுதான் இருந்தது.

பத்து இழைக்கு இருபது இருக்க வேண்டும். பத்தொன்பது. திரும்ப எண்ணினேன். பத்தொன்பது.

என் முன்னால் உரித்த இழையின் மிச்சம் கிடந்தது. அதில் விரற்கணு அளவு நறுக்கி ஒன்பதாவது வரியில் ஒட்டினால் யாருக்கும் தெரியாது. ஒரு விநாடி வேலை. நான் பெரிய நீதிமான் என்று இங்கே எழுத வரவில்லை. நறுக்குவதற்கு விரல் போனது, அதுதான் உண்மை. ஆனால் அந்த நேரம் பார்த்துப் பிலோமினா நொண்டிக்கொண்டு படியிறங்கியது கண்ணுக்கு முன்னால் வந்தது. பின்னேரம் இந்த அறையையும் யாரோ ஒரு பெண்தானே கூட்டுவாள் என்று நினைத்தேன்.

கையைத் தூக்கினேன்.

“சிஞ்ஞோரா, ஒரு துண்டு காணவில்லை.”

அவர் வந்தார். “ஒருவரும் அசைய வேண்டாம்” என்றார். பதினொரு பேரும் சிலையானார்கள். கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் டோர்ச்சை எடுத்து மேலேயிருந்து மேசையைத் தேடினார், தரையைத் தேடினார், என் கை, என் சட்டை, என் சப்பாத்து எல்லாம் பார்த்தார். ஒன்றும் இல்லை. ஏழு நிமிடம் மிச்சம்.

“விளக்கை அணைக்கலாமா?” என்று கேட்டேன்.

கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். பிறகு தானே போய் அணைத்தார், யன்னல் கதவையும் சாத்தினார். டோர்ச்சை வாங்கித் தரையில் படுக்க வைத்தேன். ஒன்றும் மின்னவில்லை. மேசை விளிம்பில் படுக்க வைத்தேன். மேசையிலும் இல்லை. ஆனால் அந்த வெளிச்சம் மேசையைத் தாண்டிப் போய், பக்கத்தில் நின்றவரின் கருநீலக் கம்பளியில் விழுந்தது. முழங்கைக்குக் கொஞ்சம் கீழே ஒரு வெள்ளிக் கீறல்.

“சிஞ்ஞோரா, நீங்கள் அசையாதீர்கள்.”

என் வாழ்நாளில் நான் அவருக்குக் கட்டளை இட்டது அந்த ஒரு தடவைதான். அவர் அசையவில்லை, மூச்சுக்கூட விட்டிருக்க மாட்டார். இடுக்கியால் துண்டை எடுத்து ஒன்பதாவது வரியில் ஒட்டினேன். யாரோ விளக்கைப் போட்டார்கள். கடிகாரத்தில் நாலு நிமிடம். இன்னும் இரண்டு இழை. கணக்குத் தெரிந்தவனுக்கு அது முடியாத காரியம். சரி, நேர்மையாகத் தோற்றோம் என்று இடுக்கியைக் கீழே வைத்தேன்.

சிஞ்ஞோரா ஆகத்தா சட்டைப் பையில் கை விட்டார். கத்தரிக்கோல் வருகிறது என்றுதான் நினைத்தேன். வந்தது கைக்குட்டை. முழங்கையை மெதுவாகத் துடைத்து, கைக்குட்டையை மடித்துக் கண்ணாடிக் குப்பைக்குள் போட்டார். பிறகு முன்மேசைக்குப் போய், எலுமிச்சங்கடிகாரத்தைப் பதின்மூன்று நிமிடத்துக்குத் திருப்பி முறுக்கினார்.

“துண்டை எடுத்துச் சென்றது நான்” என்றார். “அந்த நேரம் என்னுடையது. எல்லோரும் தொடருங்கள்.”

பன்னிரண்டாவது இழையைத் தட்டில் சுற்றி வைத்து, நாடாவில் இருபத்து நான்கையும் எண்ணி முடித்தபோது இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது.

எல்லோரும் போன பிறகு என் தாளில் கையெழுத்து வைத்தார். பழைய தாளில் குத்தியிருந்த பல் பதிந்த உறையை எடுத்து, ஒருமுறை பார்த்து, குப்பைக்குள் போட்டார்.

“டோர்ச்சைப் படுக்க வைப்பது கைநூலில் இல்லையே. யார் கற்றுக் கொடுத்தது?”

வாய்வரை “கம்பெனியில் பழகியது” என்று வந்தது. பழைய கடிதப் பொய். விழுங்கிக்கொண்டேன்.

“என் மனைவி. வீடுகளில் துப்புரவு வேலை செய்கிறாள். நானும் முன்பு செய்திருக்கிறேன்.”

“பெயர்?”

“பிலோமினா.”

தன் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து ஏதோ எழுதிக்கொண்டார். பிறகு கை கொடுத்தார். கையை எடுத்ததும் விரலை மெல்ல மோந்து பார்த்து, “இது என்ன மணம்?” என்றார். கற்றாழைக் கதையையும் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு பத்து வருடம் அந்த அட்டையோடு வேலை செய்தேன். இடையில் ஒருமுறை புதுப்பித்தேன். கால்சாவில் ஐந்தாம் மாடி பல்கனியிலிருந்து கூடைக்குள் கோப்பி வைத்துக் கயிற்றில் இறக்குகிற கிழவிகளுக்கெல்லாம் நான்தான் இணையம் கொடுத்தேன். அமெரிக்காவிலிருக்கும் பேரனின் முகம் திரையில் விறைக்காமல் வந்ததும், என்னைக் கட்டிப்பிடித்து அழுத ஒருத்தியும் உண்டு. எந்த வீட்டில் வேலை முடித்தாலும் புறப்படுமுன் விளக்கை அணைத்து, டோர்ச்சைத் தரையில் படுக்க வைப்பேன். ஊர்க் கடிதத்தில் மறைத்த வேலையை எல்லா வீட்டிலும் எல்லோருக்கும் முன்னால் செய்தேன். நிம்மதியாக இருந்தது.

இதை இந்த இடத்தில் முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். போன ஞாயிறு ஜெசிந்தா வீட்டுக்கு வந்தாள். முந்தின நாள்தான் அவளுக்கு முதல் செய்முறை வகுப்பு. அதே கால்சா மாளிகை. சிஞ்ஞோரா ஆகத்தா இப்போது ஓய்வில் இருக்கிறார், இப்போது கற்பிப்பது ஓர் இளம் பெண்ணாம். பிலோமினா குசினியில் பாகற்காய் வெட்டிக்கொண்டிருந்தாள்.

“அண்ணை, நேற்று ஒரு துண்டு காணாமப் போச்சு” என்றாள் ஜெசிந்தா. “படிப்பிக்கிற மேஸ்திரா லைட்டை நூத்துப்போட்டு டோர்ச்சை மேசையிலை படுக்க வைச்சவ. உடனை தெரிஞ்சுது. அதுக்கு ஒரு பேரும் சொன்னவ. மெத்தோதோ பிலோமினாவாம்.”

பிலோமினா முறை! குசினியில் கத்தி நின்றது.

“ஆர் அந்தப் பிலோமினா எண்டு கேட்டனான். தனக்கு முந்திப் படிப்பிச்சவ சொல்லித் தந்ததாம், ஆளைத் தெரியாதாம். மிலானோவிலை ஆரும் இஞ்சினியரா இருக்கும் எண்டவ.”

நான் குசினிப் பக்கம் கையைக் காட்டினேன். ஜெசிந்தா அந்தப் பக்கம் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி அந்தப் பக்கம் பார்த்தாள். பிலோமினா கையைத் துடைத்துக்கொண்டு வந்து கதிரையை இழுத்து அவளுக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

“நீ எத்தினை வருசமா வீடு துடைக்கிறாய்?”

“பதினொண்டு, அக்கா.”

“அப்ப அரைவாசிச் சோதினை முடிஞ்சுது” என்றாள் பிலோமினா. “மற்ற அரைவாசியை இவரிட்டைக் கேள்.”